போர்க்கப்பல்ல இருக்கறது லைஃப் போட் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஜெர்மன் போர்க்கப்பல்கள் பத்தி வந்த கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா படம் வரைஞ்சவர் நாஸ்ஸாவ் கப்பலோட ரெண்டு பக்கமும் டைட்டானிக் கணக்கா வரிசையா லைஃப் போட்டுகள தொங்கவிட்டுட்டாரு, அத பாத்துட்டு சும்மா இருக்க முடியல. அதே கப்பல மாடலா ரெண்டு வருஷமா ஒட்டிட்டு இருக்கேன், அந்த வயித்தெரிச்சல்தான்.

நாஸ்ஸாவ் 1909ல கடற்படைல சேந்த கப்பல், ஜெர்மனியோட முதல் ட்ரெட்நாட் வகை, அதாவது ஒரே அளவு பெரிய பீரங்கிங்க நெறைய வெச்ச போர்க்கப்பல். 28 சென்டிமீட்டர் பீரங்கி 12, ஒரு டரட்டுக்கு (பீரங்கி வெச்சு சுத்தற கூண்டு) ரெண்டு. முன்னாடி ஒரு டரட், பின்னாடி ஒண்ணு, மிச்சம் நாலும் பக்கத்துக்கு ரெண்டா உக்காந்திருக்கும். அப்புறம் ஓரத்துல போட்டுக்கு எடம் எங்க? வெச்சாலும் ஒரு தடவ சுட்டா அந்த அதிர்ச்சிலயே பலகை பேந்து போயிடும். அதனால கப்பல் நடுவுல, புகைக்கூண்டு பக்கத்துல, தொட்டில் மாதிரி ஒரு தாங்கி மேல உக்கார வெச்சு கட்டிடுவாங்க, பெரிய போட்டுக்குள்ள சின்ன போட்டு, நம்ம வீட்டு அடுக்கு டப்பாவேதான்.

தூக்கி எறக்க ரெண்டு பெரிய க்ரேன், தல வளஞ்சு அன்னத்தோட கழுத்து மாதிரி இருக்கும், ஜெர்மன்லயும் அதுக்கு அந்தப் பேர்தான். மொத்தம் 10 போட்டு: பிக்கெட் போட் (நீராவில ஓடற காவல் படகு) ஒண்ணு, பார்ஜ் (பெரிய ஆபீசருங்க போறது) 3, லாஞ்ச் (பெரிய வேலைப் படகு) 2, கட்டர் (துடுப்புப் படகு) 2, டிங்கி (குட்டிப் படகு) 2. பிக்கெட் போட்டுக்கு தனி பாய்லர், குட்டியா ஒரு புகைக்கூண்டு, அத நாலு பேர் கயிறு புடிச்சு எறக்கிட முடியாது.

ஆளு ஆயிரம், போட்டு பத்து. உயிர் காக்கவே வெச்சிருந்தா இந்தக் கணக்கு வருமா? ஜெர்மன் கடற்படைத் துறைமுகம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் பக்கம் நங்கூரம் போட்டு நிக்கும்போது ஆபீசர கரைக்கு விட, தபால் எடுக்க, சாமான் ஏத்த, இதுக்குத்தான். 1916ல பிரிட்டிஷ்காரங்களோட நடந்த ஜட்லண்ட் கடல் சண்டைல பொம்மர்ன்னு ஒரு பழைய ஜெர்மன் கப்பல் டார்பிடோ பட்டு வெடிச்சுச்சு, ஒருத்தர் கூட பிழைக்கல, அங்க எந்த போட்ட எறக்க நேரம்?

ஆனா ஒரு நாள் இந்த போட்டெல்லாம் லைஃப் போட்டாவே ஆச்சு. 1919 ஜூன் 21, முதல் உலகப்போர் முடிஞ்சு ஸ்காட்லாந்து பக்கம் ஸ்காபா ஃப்ளோல பிரிட்டிஷ்காரங்க சிறை வெச்ச ஜெர்மன் கப்பல்கள ஜெர்மன்காரங்களே தண்ணி தெறந்துவிட்டு முழுகடிச்சாங்க, 52 கப்பல் போச்சு, கைசர், கோனிக்ங்கற பெரிய போர்க்கப்பல்களும் அதுல உண்டு (நாஸ்ஸாவ் அங்க இல்ல). அப்ப கப்பலுக்கு ஆள் கொஞ்சம்தான், போட்டுல ஏறி வெளிய வந்தாங்க, வெள்ளக்கொடி காட்டியும் பிரிட்டிஷ்காரங்க சுட்டதுல 9 பேர் செத்தாங்க.

படத்த அடுத்த தடவயாவது மாத்தி போடுங்க சார். என் மாடல்ல இன்னும் ஒரு டிங்கி பாக்கி, நெல்லு மணி சைஸ்தான், போன வாரம் வீட்டுக்காரம்மா கூட்டித் தள்ளிட்டாங்க, ஒம்போது போட்டோட நிக்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி