படுக்கையில் விழாத ஆண்டுகள் எல்லோருக்கும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனித ஆயுளை நீட்டிக்கும் ஆராய்ச்சி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதற்கு "இது இயற்கைக்கு விரோதம்" என்று வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அந்தக் கடிதங்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1900 வாக்கில் உலகத்தின் சராசரி ஆயுள் சுமார் 32, இன்று 73. குழந்தைகள் சாவது குறைந்ததுதான் இதற்குப் பெரிய காரணம், சரி, ஆனால் தடுப்பூசியோ ரத்த அழுத்த மாத்திரையோ மரத்தில் காய்த்ததில்லையே. அதையெல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டு மூப்பைத் தள்ளிப்போடும் மருந்து என்றதும் மட்டும் இயற்கையைத் துணைக்கு அழைப்பது நியாயமாகப் படவில்லை.

என்னை உறுத்துவது வேறு. என் அம்மா 86 வயது வரை இருந்தார், அதில் கடைசி ஏழு வருடம் மறதி நோய், பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்பார், அக்காதான் வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். "படுக்கையில் விழாம போய்ச் சேர்ந்துடணும்" என்று நினைவு நன்றாக இருந்த காலத்தில் அம்மா அடிக்கடி சொல்வார். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி உலகச் சராசரி ஆயுள் 73, அதில் ஆரோக்கியமான ஆண்டுகள் 63 சொச்சம்தான். மீதி கிட்டத்தட்ட பத்து வருடம் நோயிலும் முடியாமையிலும் போகிறது. ஆயுளை நீட்டுகிறோம் என்று வருபவர்கள் அந்தப் பத்தைக் குறைக்கப்போகிறார்களா, இருபதாக்கப்போகிறார்களா? இருபதாக்கினால் அந்தச் சுமையைத் தூக்கப்போவது இன்னும் பல அக்காக்கள்.

குறைக்க வழி இருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது எலிகளின் ஆயுள் கூடியது என்று 2009-இல் வெளிவந்தது, அதுவும் ஏற்கனவே மூப்படைந்த எலிகளுக்கு. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் பல ஆண்டுகளாகச் சாப்பிடும் மருந்துதான் அது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இன்னும் பழையது. 65 முதல் 79 வயது வரையுள்ள சுமார் 3,000 பேருக்கு அதை ஆறு ஆண்டுகள் கொடுத்து, மாரடைப்பு, புற்றுநோய், மறதி நோய் எல்லாம் தள்ளிப்போகிறதா என்று பார்க்க நிர் பார்சிலாய் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் இருப்பவர்களும் திட்டம் போட்டார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் பணம் கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனது. காப்புரிமை தீர்ந்துபோன மலிவான மாத்திரை, அதில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? இதே காலத்தில், 2022-இல், செல்களை இளமையாக்கும் ஆராய்ச்சிக்காக ஆல்டோஸ் லேப்ஸ் என்ற தனியார் நிறுவனம் 300 கோடி டாலரோடு தொடங்கப்பட்டது. மெட்ஃபார்மினால் பலனில்லை என்றே முடிவு வந்தாலும் அது நமக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான், அதைப் பார்க்கக்கூட ஆளில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

அப்புறம் விலை. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து 1996-இல் வந்துவிட்டது, விலையோ ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் சிப்ளா என்ற இந்திய மருந்துக் கம்பெனி அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று முன்வந்த பிறகுதான் கதவு திறந்தது. நடுவில் ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர், மருந்து இருந்தும், செத்தார்கள். மூப்புக்கு மருந்து வந்தால் இதேதான் நடக்கும், அதைவிட மோசமாகவும் நடக்கலாம், ஏனென்றால் முதலில் வாங்குபவர்களுக்குச் சொத்தும் பதவியும் ஏற்கனவே கையில் இருக்கும், கூடுதலாக முப்பது வருடமும் சேர்ந்தால் அவர்கள் எப்போது இறங்குவார்கள்? நாற்காலியை விடாத ஆட்சியாளர்களை நினைத்துப் பாருங்கள். இதற்காக மருந்தையே தடுக்கக் கூடாது, பதவிக்குத்தான் கால வரம்பு வைக்க வேண்டும்.

ஆகவே அரசுகள் இந்த ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் போட வேண்டும், பழைய மலிவான மருந்துகளை முதலில் சோதிக்க வேண்டும். பொதுப்பணம் வாங்கிக் கண்டுபிடிப்பவர்கள் என்ன விலைக்குத் தருவார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும், மருந்து கடைக்கு வந்த பிறகு பேரம் பேச முடியாது. அடுத்த முறை இந்தத் துறை விஞ்ஞானிகளைப் பேட்டி எடுக்கும்போது உங்கள் நிருபர்கள் இந்த விலைக் கேள்வியையும் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்