நீல் யங்கின் சரிவுக்கு ஆண்டு குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ராக் இசைத் திறனாய்வாளர்களுக்கு,

வணக்கம். ராக் பாடகர் நீல் யங்கின் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தி உங்களில் ஒருவர் அண்மையில் எழுதிய நெடுங்கட்டுரையைப் படித்துவிட்டு இம்மடலை எழுதுகிறேன். 1979 வரை வந்த ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கிய அவர், அதன் பின்னர் வந்த நாற்பதாண்டுக்கும் மேலான உழைப்பைப் ‘பிற்காலச் சரிவு’ என்ற துணைத்தலைப்பின்கீழ் நான்கே வரிகளில் முடித்துவிட்டார். அந்த நான்கு வரிகளுக்குள்ளேயே ஓர் ஆல்பத்தின் பெயர் பிழையாக இருந்தது.

சரிவு 1980-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்று ஓர் அணியும், 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் என்று இன்னோர் அணியுமாக உங்களுக்குள் நெடுநாளாக வழக்கு நடப்பதை அறிவேன். அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஓர் ஆண்டைக் குறிப்பதற்கு முன்னால், அதற்குப் பின் வந்தவற்றை முழுமையாகக் கேளுங்கள். குறிக்கும்போது வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்க்காமல், பாட்டு பதிவான ஆண்டையும் பாருங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

இரண்டாவதை ஏன் கேட்கிறேன் என்றால், 2017-இல் வெளிவந்த ‘ஹிட்ச்ஹைக்கர்’, 1976 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மாலிபுவில் ஒரே இரவில் பதிவானது. 2020-இல் வந்த ‘ஹோம்குரோன்’ 1974, 75-இல் உருவானது. 2022-இல் வந்த ‘டோஸ்ட்’ 2001-இல் பதிவானது. முப்பது வயதுக்காரரின் குரலை எழுபதைக் கடந்தவரின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, ‘மீண்டு வந்துவிட்டார்’ என்று எழுதினால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

‘ஆன் தி பீச்’ ஆல்பத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1972-இல் ‘ஹார்வெஸ்ட்’ பெற்ற பெருவெற்றிக்குப் பின் வந்த மூன்று ஆல்பங்களில் ஒன்று அது. வெளியான ஆண்டு 1974. அந்த வெற்றி தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியதாகவும், அது சலித்துப்போனதால் ஓரத்துப் பள்ளத்தை நோக்கித் திரும்பியதாகவும் அவரே பின்னாளில் எழுதினார். அன்று பலரும் சரிவு என்று பார்த்த அந்தப் பள்ளத்தைத்தான் இன்று நீங்கள் சிகரம் என்கிறீர்கள். அந்த ஆல்பம் குறுந்தகடாக வந்ததோ 2003-இல்தான். அதுவரை என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது, தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலிநாடாவின் நகலுக்கு நகல். ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும் கடைசிப் பாட்டான ‘ஆம்புலன்ஸ் புளூஸ்’, என் நாடாவில் மூன்றாவது நிமிடத்தைத் தொடும்போது நாடா தீர்ந்து, பொத்தான் ‘டக்’கென்று மேலே எழும். பல ஆண்டுகள் அந்த ‘டக்’தான் எனக்கு அந்தப் பாட்டின் முடிவு. 2003-இல் மிச்சத்தைக் கேட்டபோது, அதற்குள் திறனாய்வாளர்களைப் பார்த்து அவர் பாடும் வரிகள் இருக்கக் கண்டேன். அவற்றை உங்களுக்கு எழுதும் மடலில் எடுத்தெழுதுவது மரியாதையாகாது, நீங்களே கேட்டுக்கொள்ளலாம். முழுமையாகக் கேட்காமல் தீர்ப்பெழுதினால் என்ன விடுபட்டுப்போகும் என்பது அந்த நாடாவால் எனக்குத் தெரியும்.

இனி 1980-கள். ‘டிரான்ஸ்’ ஆல்பத்தில் அவர் குரலை வோக்கோடர் கருவி இயந்திரக் குரலாக்கியதைக் கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். பெருமூளை வாதத்தால் பேச இயலாத தம் மகனோடு தொடர்புகொள்ளும் முயற்சியிலிருந்து பிறந்த பாட்டுகள் அவை என்பதை அவர் பிறகு விளக்கினார். 1983-இல் அவர் ஆல்பங்களை அப்போது வெளியிட்டுவந்த கெஃபன் நிறுவனம் 33 லட்சம் டாலர் கேட்டு அவர்மீது வழக்குத் தொடுத்தது. வணிகத்துக்கு உதவாதது என்பதோடு, அவருடைய முந்தைய இசையைப் போல இல்லை என்பதும் புகார்; அதாவது, நீல் யங் நீல் யங்கைப் போல இல்லையாம். அந்த வழக்காவது கைவிடப்பட்டது, நிறுவனத் தலைவரும் வருத்தம் தெரிவித்தார். உங்கள் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்யும் மன்றம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முடிந்துவிட்டார் என்று சொல்லப்பட்ட அதே மனிதர் 1989-இல் ‘ஃப்ரீடம்’, 1990-இல் ‘ராகெட் குளோரி’, 1994-இல் ‘ஸ்லீப்ஸ் வித் ஏஞ்சல்ஸ்’ என்று அடுத்தடுத்துத் தந்தார். இதில் கடைசியானதை உங்கள் நண்பரின் நான்கு வரிகளில் காணோம்.

அவர் செய்தவை அனைத்தும் பொன் என்று நான் வாதாட வரவில்லை. 40-க்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்களில், ஒருமுறை கேட்டதே போதும் என்று நான் எடுத்துவைத்தவையும் உண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பீர்கள். சட்டியில் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை; சல்லடையில் சலித்துக் கழிப்பதைத்தான் அவர் நிறுத்திக்கொண்டார். 1975-இல், முடித்து வைத்திருந்த ‘ஹோம்குரோனை’ ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டாண்டுக்கு முன் பதிவுசெய்து கிடப்பில் கிடந்த ‘டுநைட்ஸ் தி நைட்’ ஆல்பத்தை வெளியிட்டவர் அவர். 2006-இல் ‘லிவிங் வித் வார்’ சில நாட்களில் பதிவாகிச் சில வாரங்களில் வெளியே வந்துவிட்டது. சரிவு என்று ஒன்று உண்டென்றால், ஒதுக்கி வைக்கும் துணிவு குறைந்த இடத்தில் அதைத் தேடலாம் என்பது என் எண்ணம். நான் சொல்வதும் தவறாக இருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த தரவரிசையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், 1979-க்குப் பிந்தையவற்றை முதல் பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை கேளுங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் அது பதிவான ஆண்டைக் குறிப்பிடுங்கள். அதற்குப் பிறகும் சரிவு 1982-இல்தான் என்று எழுதினால், நான் மறுப்பு எழுதமாட்டேன். அந்த ஆல்பத்தின் பெயரை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
‘ஆம்புலன்ஸ் புளூஸ்’ பாட்டின் கடைசி ஆறு நிமிடங்களைத் தாமதமாகக் கேட்ட ஒரு ரசிகர்