மழலையர் பராமரிப்புப் பயிற்சி: மணிக்கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். படிப்பு வேண்டாம் என்பதல்ல என் வாதம். கட்டுரை முழுக்க ஆசிரியரைப் பற்றியே இருந்தது. குழந்தைக்கு ஊட்டிவிட்டு, தூங்கவைத்து, டயப்பர் மாற்றும் ஆயாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூச்சடைப்பு, தூக்கத்தில் நேரும் மரணம், தொற்று ஆகிய மூன்றும் இந்த வேலைகளை ஒட்டியே வருபவை. ஆகவே பயிற்சி விதி ஆயாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூச்சடைப்பை எடுத்துக்கொள்வோம். தொண்டையில் ஏதோ சிக்கி, குழந்தையால் அழவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நடுநெஞ்சு எலும்பில் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நினைவு தப்பினால் உடனே சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு கொடுக்கும் உயிர்காக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். இன்னொருவர் முதலிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வயிற்றை அழுத்தும் முறை ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். அதற்குக் கீழே செய்தால் கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகள் காயப்படலாம். பதற்றத்தில் பலர் செய்வது, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது. பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது அப்படித் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும்.

இதைப் படம் போட்டு விளக்கினால் வகுப்பே தலையாட்டும். பயிற்சிப் பொம்மையைக் கையில் கொடுத்ததும்தான் சங்கதி தெரியும். வலிக்குமோ என்று தட்டு மெத்தென்று விழும். குழந்தையின் தலை தாழாமல் மேலே நிற்கும். சரியாகக் கற்றுக்கொண்டவர்களுக்கும் சில மாதங்களில் கை மறக்கத் தொடங்கும். முதலுதவிச் சான்றிதழ் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். திறமை அவ்வளவு நாள் தாங்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலை செய்யும் இடத்திலேயே, பத்து நிமிடம் பொம்மையில் செய்து காட்ட வேண்டும் என்று விதி இருந்தால் அதுவே பெரிய மாற்றம்.

தூக்கத்துக்கான விதி சின்னதுதான்: ஒரு வயதுவரை மல்லாக்க, கெட்டியான சமதளப் படுக்கையில், தலையணையோ போர்வையோ பொம்மையோ இல்லாமல். “குப்புறப் போட்டால் அயர்ந்து தூங்குகிறது” என்பார்கள். சிக்கலே அதுதான். குப்புறக் கிடக்கும் குழந்தை மூச்சு முட்டினாலும் எளிதில் விழித்துக்கொள்வதில்லை. காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், பயிற்சியாளர் போன மறுநாளே பழைய வழக்கம் திரும்பிவிடும்.

ஆசிரியர்களுக்கு வந்தால், பயிற்சியில் பெரும்பாலும் விட்டுப்போவது குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதும் பழக்கம். “இன்று அடம் பிடித்தான்” என்பது குறிப்பல்ல, தீர்ப்பு. “சாப்பிட வரும்படி பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை, கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டதும் எழுந்து வந்தான்” என்று எழுதினால், படிப்பவருக்குக் காது கேட்கிறதா என்ற சந்தேகம் வரும். இதே மாதிரி நாலைந்து குறிப்புகள் சேர்ந்தால் பெற்றோரிடம் செவித்திறன் பரிசோதனைக்குச் சொல்லலாம். “அடம் பிடித்தான்” என்பதை வைத்துக்கொண்டு திட்டத்தான் முடியும். இந்தப் பழக்கம் பாடப்புத்தகத்தால் வராது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்து, அதே குழந்தையைப் பார்த்துத் தானும் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் சி.டி.ஏ. என்ற மழலையர் பராமரிப்புச் சான்றுக்கு 120 மணி நேர வகுப்பும் 480 மணி நேரப் பணி அனுபவமும் கேட்கிறார்கள். வகுப்புக்கு நான்கு மடங்கு, குழந்தைகளோடு. அதற்கு மேல், வேலை செய்யும்போது ஒருவர் நேரில் வந்து பார்க்கிறார். மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த விகிதம் பிடித்திருக்கிறது.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. பெரும்பாலான பயிற்சிகள் விடுமுறை நாளில், சம்பளமில்லாமல் நடக்கின்றன. வாரம் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கிச் சுமந்தவர் அங்கே வந்து கண் சொக்குகிறார். வேலை நாளில் வைத்தாலோ, கைக்குழந்தைகள் மூவருக்கோ நால்வருக்கோ ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் குறைகிறது. அதனால் பயிற்சிச் செலவு என்று திட்டத்தில் எழுதும்போது, பயிற்றுநருக்கான தொகையோடு அன்றைக்கு வரும் மாற்று ஆளின் ஊதியத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மழலையர் பராமரிப்புப் பயிற்றுநர் ஒருவர்