சிறு மரவளர்ப்போரின் தணிக்கைக் கட்டணம்: வனச் சான்றளிப்புப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். காட்டைப் பொறுப்போடு பேணி வளர்த்த மரம் என்று நீங்கள் எங்கள் சிறு மரவளர்ப்போர் குழுவுக்குத் தந்த ஐந்தாண்டுச் சான்றிதழ் காலாவதியான கதை உங்களுக்குத் தெரிந்ததே. அதைப் புதுப்பிக்கத் தேவையான மறுதணிக்கைக் கட்டணத்தை எங்களால் திரட்ட முடியவில்லை. எங்கள் தோப்புகளில் குறை ஏதுமில்லை என்று உங்கள் தணிக்கையாளரே கடைசி அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

காலாவதியான வாரத்தில் வெட்டி அடுக்கிய தடிகள் இன்னும் களத்திலேயே கிடக்கின்றன. சான்றில்லாத மரத்தைச் சான்றுபெற்ற சரக்கோடு சேர்க்க முடியாது என்று அறுவை ஆலைக்காரர் கைவிரித்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, அது உங்கள் விதி. வெட்டுமுகத்தில் மயிரிழையாகத் தொடங்கிய வெடிப்பு இன்று விரல்நுனி நுழையும் அளவுக்கு அகன்றிருக்கிறது. பட்டையை உரித்தால் வெளிர்மரமெங்கும் நீலக்கறை. பலகையாகி, அறுப்பவருக்கும் தச்சருக்கும் வண்டிக்காரருக்கும் கூலி தந்திருக்க வேண்டிய மரத்தை இப்போது விறகு விலைக்குக் கேட்கிறார்கள்.

தணிக்கையாளர் செலவிடும் நாள்களைக் கொண்டு நீங்கள் கட்டணம் கணக்கிடுகிறீர்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது ஒரு கன மீட்டருக்குச் சில காசுகளாகக் கரைந்துவிடும். இருபது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும் சிறு உரிமையாளரோ, ஒரு மரம்கூட விற்காத ஆண்டிலும் கண்காணிப்புத் தணிக்கைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கட்டணத்தை வெட்டும் மரத்தின் அளவுக்கேற்ப, வெட்டும் ஆண்டில் வசூலியுங்கள் என்று கேட்கிறோம். தணிக்கையைத் தளர்த்துமாறு நாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை.

குடும்பக் காடுகளை வைத்திருப்போரின் தேவைக்காகவே 1999-இல் ஐரோப்பாவில் பி.இ.எஃப்.சி. என்ற தனிச் சான்றளிப்பு முறை உருவானது. சிறியவர்களின் சிக்கல் அன்றே தெரிந்திருந்தும், கால் நூற்றாண்டுக்குப் பிறகும் எங்களைப் போன்றோர் தவணை கேட்டு நிற்பது வேதனையாக இருக்கிறது. உலகில் காடழிவின் பெரும்பங்கு வேளாண் நில விரிவாக்கத்தால் நேர்கிறது. மரம் வருமானம் தராவிட்டால் தோப்பை அழித்து விளைநிலமாக்கிவிடலாமே என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் சென்ற கூட்டத்தில் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நிலைத்த வன மேலாண்மை என்று நீங்கள் அச்சிடும் சொற்களை நம்பித்தான் அவர் இத்தனை ஆண்டுகள் கோடரியை எடுக்காமல் இருந்தார்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். வெட்டும் ஆண்டில், வெட்டும் அளவுக்கேற்பக் கட்டணம் என்ற எங்கள் கோரிக்கையை உங்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறும், அதுவரை எங்கள் மறுதணிக்கையைத் தவணை முறையில் நடத்தித் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குழுச் செயலாளர்