முதல் பருவமும் அருங்காட்சியக ஒலி மாலையும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண் அட்டைகள் உங்கள் கையெழுத்துடன் திரும்பிவிட்டன. குறுவட்டப் போட்டியில் நம் கோ-கோ அணி நன்றாக ஆடியது. ஓவியம், கட்டுரை, பேச்சு எல்லாவற்றிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

சென்ற சனிக்கிழமை 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோருடன் நகர அருங்காட்சியகத்தின் ‘ஒலி மாலை’ என்ற மாலைநேர இசைக்கருவி நிகழ்ச்சிக்குப் போய்வந்தார்கள். வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு 8, 9ஆம் வகுப்புகள் போகின்றன. அதற்குள் கைப்பேசி பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும்.

அங்கே ஒற்றைப் பலாக் கட்டையில் குடைந்த தஞ்சாவூர் வீணை இருக்கிறது. அதில் தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. வெக்கை பட்டால் மெழுகு இளகி சுருதி பிசகும், ஆகவே விளக்கைக் கிட்டே கொண்டுபோக விடமாட்டார்கள். நரசிங்கம்பேட்டையில் செய்த நாகஸ்வரமும் உண்டு. அதன் ஊதுமுனையான சீவாளி வாயில் வைப்பது என்பதால் அதைக் கேட்க மட்டுமே அனுமதி.

பிள்ளைகள் தாங்களே செய்வது ஜலதரங்கம், அதாவது நீர் நிரப்பிய கிண்ணங்களைத் தட்டி வாசிப்பது. பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். சுருதிப் பெட்டியில் சட்ஜத்தை, அதாவது ‘ச’ என்ற ஆதார ஸ்வரத்தை, ஓடவிட்டு, கிண்ணத்தின் விளிம்பை மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட வேண்டும். பெட்டியின் சுருதியும் கிண்ணத்தின் சுருதியும் நெருங்கும்போது ஒலி அலையலையாக ஏறி இறங்கும். மேல்வகுப்பு இயற்பியலில் விம்மல் என்று படிப்பது இதைத்தான். நெருங்க நெருங்க அந்த அலை நிதானப்பட்டு, சேர்ந்ததும் நின்றுவிடும். கிண்ணத்தின் நாதமோ தட்டியவுடன் அடங்கத் தொடங்குவது. அதற்குள் காது பிடித்தால்தான் உண்டு.

சென்ற வாரம் அந்த நேரத்தில்தான் பெற்றோரின் கைப்பேசிகள் ஒலித்தன, ஒன்றன்பின் ஒன்றாக. அதிர்வில் வைத்தவையும் தப்பவில்லை. மரப் பெஞ்சில் வைத்த கைப்பேசி அதிர்ந்தால் பலகை முழுவதும் சேர்ந்து அதிரும். வீணைக் குடம் தந்தியின் ஒலியைப் பெருக்குவதும் இப்படித்தான். படம் எடுக்க முன்னால் வந்து நின்றவர்களால் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு மேசையே தெரியவில்லை. கேமராவைப் பார்க்கும் பிள்ளை கிண்ணத்தைக் கேட்பதில்லை.

எனவே வரும் சனிக்கிழமை கைப்பேசியை முழுவதுமாக அணைத்துவிட்டுத்தான் அரங்குக்குள் வர வேண்டும். அதிர்வு, அமைதி இரண்டும் ஏற்கப்படமாட்டா. உள்ளே ஒலித்தால் யாராக இருந்தாலும் வெளியே போகச் சொல்வோம். பிள்ளையின் எதிரில் அப்படிச் சொல்லும் நிலையை எங்களுக்குத் தராதீர்கள்.

வீட்டில் உடம்பு முடியாதவர்களை விட்டுவிட்டு வருகிறவர்களின் கவலை எங்களுக்குத் தெரியும். வாயிலில் நிற்கும் ஆசிரியரின் கைப்பேசி மட்டும் இயங்கும். அவருடைய எண்ணை வெள்ளிக்கிழமை நாட்குறிப்பில் எழுதி அனுப்புகிறோம், அதை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவசரம் என்றால் அவரே உள்ளே வந்து உங்களை அழைப்பார். காணொளியை நம் ஆசிரியர் ஒருவர் எடுத்து, திங்கட்கிழமை வகுப்புக் குழுவில் போடுவார்.

சம்பா நடவு மும்முரமாக நடக்கும் நாளிலும் வயலிலிருந்தும் கடையிலிருந்தும் நேரே வந்து உட்கார்ந்தீர்கள். கிண்ணம் போதாதபோது வீட்டுக்கு ஓடி எடுத்துவந்து தந்த தாய்மார்களுக்குத் தனி நன்றி. இந்த வாரமும் கீறல் விழாத கிண்ணங்களாக அனுப்புங்கள். விரிசல் இருந்தால் நாதம் வராது, தட்டையாகக் கேட்கும். அடியில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரவு 7.30க்குப் பிள்ளைகளை முன்வாயிலில் ஒப்படைப்போம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்