சுடலைக்கு, ஆயில் பற்றி

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மகன் துபாய்க்குப் போனதும் அவனுடைய டீசல் வண்டி உன் தலையில் விழுந்துவிட்டதா! ஆயில் மாற்றப் போன கடையில் மூன்று கேனை வரிசையாக வைத்து, "எது வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டதும் நீ முழித்த முழியை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. போன வருடம் நானும் அப்படித்தான் நின்றேன்.

நம் காலத்து வண்டிகளுக்கு ஆயில் என்றால் 15டபிள்யூ-40 என்ற கெட்டி, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் என் டீசல் காரை வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். லாரிக்கு ஊற்றும் பீப்பாயிலிருந்தே பிடித்து ஊற்றினார்கள், நானும் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன். வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த கையேட்டைப் புரட்டினால், '5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3' என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. முதலாவது ஆயிலின் கெட்டி, இரண்டாவது ஐரோப்பிய கார் கம்பெனிகள் வகுத்த தரம். கேனில் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் 'சிந்தெடிக்' என்ற சொல்லைவிட, பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கும் இந்த 'சி3'தான் உனக்கு முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிறைந்ததும் 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரித்துவிடும். உன் ஆச்சியின் விறகடுப்பை நினைத்துக்கொள். கரியைத் திரும்ப அடுப்பில் போட்டால் எரியும், சாம்பலைப் போட்டால் எரியுமா? அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் ஆயிலிலிருந்துதான். இன்ஜினைக் கழுவ கால்சியம், மக்னீசியம், தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகம் என்று ஆயிலில் கலந்திருப்பார்கள். கொஞ்சம் ஆயில் எப்படியும் சிலிண்டருக்குள் எரியும். அதிலுள்ள உலோகம் சாம்பலாகி வடிகட்டியில் தங்கும், பிறகு போகாது.

அதனால்தான் சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு. பழைய ஏ3/பி4 வகையில் 1.6 வரை இருக்கலாம். லாரிக்கு ஊற்றும் சிஐ-4 வகைக்கு வரம்பே கிடையாது. எனக்கு ஊற்றியது அதுதான். கந்தகம் குறைந்த டீசல் வந்ததால்தான் இப்படிக் குறைக்க முடிந்தது. கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை முறிக்கத்தான் அந்த உலோகக் கலவையில் பெரும்பங்கு தேவைப்பட்டது. முந்தைய பிஎஸ்-4 விதியின் டீசலில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருந்த கந்தகம் இப்போது 10 பங்குதான்.

சிந்தெடிக் என்பதும் சும்மா இல்லை. சூட்டில் ஆவியாவது குறைவு, ஆவி குறைந்தால் எரிவதும் குறைவு. ஆனால் கடையில் சிந்தெடிக் என்று விற்பதில் பாதிக்கு மேல் கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்தது என்றுதான் நினைக்கிறேன். அதில் தப்பில்லை, விலையைப் பார்த்து மயங்காதே என்பதற்காகச் சொன்னேன்.

சரி, என் கதை. ஆயில் மாற்றி மூன்றே வாரத்தில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. லாரி ஆயில்தான் காரணம் என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் ஆயில் கேஜை உருவிக் காட்டினார். அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்றது! ஆயில் குறைந்து பார்த்திருக்கிறேன், கூடி அன்றுதான் பார்த்தேன். மோந்து பார்த்தால் டீசல் வாடை. நான் தினமும் வண்டியை எடுப்பது பக்கத்திலிருக்கும் சிம்மக்கல் வரைக்கும்தான். கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும், பாதியில் நான் சாவியை அணைத்துவிடுவேன். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிட்டது. தப்பான ஆயிலின் சாம்பல் வடிகட்டியை அடைக்கப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஆகுமாம். மூன்றே வாரத்தில் விளக்கை எரியவைத்தது என் குட்டி ஓட்டம்தான். மன்னிப்புக் கேட்டேன், டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் சி3 ஊற்றி, கொட்டாம்பட்டி வரைக்கும் நாலு வழிச்சாலையில் நிதானமாக ஓட்டிவிட்டு வந்தேன். விளக்கு அணைந்துவிட்டது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை அப்படி ஒரு ஓட்டம். "எங்க போறீங்க?" என்று வீட்டில் கேட்டால் "கரி எரிக்க" என்பேன்.

உன் மகளின் டர்போ பெட்ரோல் காருக்கு இந்தக் கணக்கு வேறு. அதற்கு 'ஏபிஐ எஸ்பி' என்று இருக்கிறதா பார். 2020இல் வந்த அமெரிக்கத் தரம். இந்த வகை இன்ஜினில் குறைந்த வேகத்தில் அழுத்தி மிதித்தால், தீப்பொறிக்கு முன்பே உள்ளே வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடும் கோளாறு உண்டு. கால்சியம் அதிகமுள்ள ஆயில் அதைத் தூண்டும். எஸ்பி தரத்துக்கு அந்தச் சோதனையும் சேர்த்தி. பாஸ்பரஸும் அளவோடு இருக்கும், இல்லாவிட்டால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும். கெட்டி எவ்வளவு என்பதற்கு அவள் கையேட்டைப் பார். 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதையே ஊற்று, 'தண்ணி மாதிரி இருக்கே' என்று கெட்டியாகத் தேடாதே. மிச்சமான கார் ஆயிலைப் புல்லட்டில் ஊற்றிவிடாதே, கிளட்ச் வழுக்கும். உன்னை எனக்குத் தெரியும்.

உன் பழைய அம்பாசடருக்கு வடிகட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பழைய 15டபிள்யூ-40 போதும்.

இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி மட்டும் அப்படியே. சின்னவளுக்குப் பிப்ரவரியில் கல்யாணம் பேசியிருக்கிறோம், பத்திரிகை தனியாக அனுப்புகிறேன். நீ பஸ்ஸில் வராதே. திருநெல்வேலியிலிருந்து நாலு வழிச்சாலைதான், அந்தக் காரிலேயே வா. வண்டிக்குக் கரி எரியும், எனக்கு இரண்டு நாள் பேச்சுத்துணை கிடைக்கும். வருவதற்கு முன் கேஜை ஒருமுறை உருவிப் பார்த்துவிடு.

உன்,
ராஜேந்திரன்