நூல் பிடித்த தொலைவும் பயண நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வந்த குறிப்பொன்றில், டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான வான்தொலைவு சுமார் 12,400 கிலோமீட்டர் என்றும், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 14 மணி நேரத்துக்குள் அங்கே போய்விடும் என்றும் கண்டேன். தொலைவு சரி, வகுத்ததும் சரி. விடைதான் நடைமுறைக்கு ஒத்துவராது.

அந்த 12,400 என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்தால் கிடைக்கும் தொலைவு. இரண்டு ஊர்களிலும் விரல் வைத்து நூலை விறைப்பாக இழுத்தால், அது சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். சுவரில் தொங்கும் தேசப்படத்தை மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதை லேசில் நம்பமாட்டார்கள். ஆனால் விமானம் எப்போதும் நூலின் மேலேயே போவதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்தோடும் காற்றோட்டம், எதிரே வந்தால் வேகத்தைக் குறைக்கும், பின்னால் வந்தால் தள்ளிக்கொண்டு போகும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே தடத்தில், வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டுக் கிழக்கே பசிபிக் வழியாகச் சென்றது. அந்த வழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதிகம். ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். இருந்தும் பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிட முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. வான்வெளித் தடைகளின் கதை வேறு: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம்விட மக்களைக் குழப்புவது கடிகாரம். எங்கள் எதிர்வீட்டு அம்மாள் மகளைப் பார்க்கப் போன குளிர்காலத்தில், பயணச்சீட்டின் அச்சுத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். டெல்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, சான் பிரான்சிஸ்கோவில் அன்றே காலை 6.30-க்கு வருகை. "ரெண்டரை மணி நேரத்துல கொண்டு விட்ருவானா, சார்வாள்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்று தாளில் எங்குமே அச்சிட்டிருக்கவில்லை. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அதைக் கூட்டினால்தான் உண்மையான 16 மணி நேரம் வெளிப்படும். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்வதால் இந்தக் கணக்கும் மாறும்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்த 16 மணி நேரமும் பாதிக் கணக்குத்தான். எங்களுக்குப் பக்கத்திலுள்ள வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் வெளிநாடு போக, சென்னையோ திருவனந்தபுரமோ வேறொரு நிலையமோ போய் மாறித்தான் ஆகவேண்டும்.

ஆகவே இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, வான்தொலைவோடு உண்மையான பறக்கும் நேரத்தையும், இரு ஊர்களின் நேர வேறுபாட்டையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். அந்த அம்மாளுக்கு நான் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொடுத்தது, முந்தின நாள் நண்பகலில் வீட்டைப் பூட்டுவதிலிருந்து 32 மணி நேரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.